இரும்பிலிருந்து சிவப்பணு வரை

கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்தின் ரோலிங் மில்களில், உலையில் சிவக்கக் காய்ந்த பில்லட் உருளைகளுக்கு நடுவே நசுங்கி நீள்கிறது. தண்ணீர்ப் பீச்சலில் மேற்புறம் மட்டும் இறுகி, டி.எம்.டி. கம்பியாக வெளியே வருகிறது. லாரியில் ஏறுவதற்கு முன்பு அந்தக் கம்பியில் ஒரு துண்டை வெட்டிச் சோதனை அறைக்கு அனுப்பியாக வேண்டும். அங்கே யு.டி.எம். இயந்திரத்தின் தாடைகள் துண்டின் இரு முனைகளையும் கவ்வி இழுக்கின்றன. 16 மி.மீ. தடிமனுள்ள எஃப்.இ. 500 கம்பி என்றால் ஏறக்குறைய 10 டன் இழுவை வரை அது மீண்டு வரக்கூடிய நிலையில் இருக்கும். அதற்கு மேல் போனால் நிரந்தரமாக நீளத் தொடங்கும். இடுப்பு ஒடுங்கும். பிறகு அறை அதிரும் சத்தத்தோடு இரண்டாகும். டெக்னீஷியன் இரண்டு துண்டுகளையும் பொருத்தி வைத்து, எவ்வளவு நீண்டது என்று அளந்து பதிவேட்டில் எழுதுவார். குறைந்தது 12 சதவீதமாவது நீண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கம்பி வீட்டுத் தூணுக்குள் போகத் தகுதியில்லாதது.

இழுத்துப் பார்ப்பது, நீட்சியை அளப்பது, எங்கே விட்டுக்கொடுக்கிறது என்று குறிப்பது: இதே வேலையை உயிருள்ள ஒரு செல்லிடம் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேலை செய்யும் இடத்துக்குச் செல் இயக்கவியல் ஆய்வகம் என்று பெயர். இரும்பின் விறைப்பு சுமார் 200 கிகாபாஸ்கல். உடலின் மென்மையான செல் ஒன்றின் விறைப்பு ஒரு கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். இரண்டுக்கும் 20 கோடி மடங்கு வித்தியாசம். இவ்வளவு தூரத்தைக் கடந்து இரும்பு ஆராய்ச்சியிலிருந்து ரத்த ஆராய்ச்சிக்குப் போனவர்களில் முதன்மையானவர், தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்து, 1977-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் பி.டெக். பட்டம் பெற்ற சுப்ரா சுரேஷ்.

சோர்வைப் படித்தவர்

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1981-ல் டாக்டர் பட்டம் பெற்ற சுரேஷ், நீண்ட காலம் படித்தது உலோகச் சோர்வை. ஒரே தடவையில் பெரும் சுமை ஏற்றினால் உடையாத இரும்பு, சின்னச் சுமையைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினால் உடைந்துவிடும். 19-ம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள் காரணமே தெரியாமல் முறிந்துகொண்டிருந்தபோது, ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் இதைச் சோதனை மேல் சோதனையாகச் செய்து நிறுவினார். விமானம், பாலம், பல்சக்கரம் எல்லாவற்றுக்கும் இன்று ஆயுள் கணக்கிடுவது அந்த அடிப்படையில்தான். பொருட்களின் சோர்வு பற்றி சுரேஷ் 1991-ல் வெளியிட்ட நூல் உலகெங்கும் பொறியியல் துறைகளில் பாடநூலானது.

அப்படிப்பட்டவர் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ரத்தச் சிவப்பணுவின் பக்கம் திரும்பினார். ஒரு பொருளறிவியல் பொறியாளரின் கண்ணில் சிவப்பணுவைப் போல வியப்பூட்டும் பொருள் வேறில்லை. குறுக்களவு 8 மைக்ரான். உட்கரு கிடையாது. மெல்லிய சவ்வு, அதன் உள்பக்கத்தில் ஸ்பெக்ட்ரின் என்ற புரதத்தால் பின்னிய வலை, நடுவே ஹீமோகுளோபின். அவ்வளவுதான். இந்த 8 மைக்ரான் தட்டு 3 மைக்ரான் அகலமே உள்ள நுண்குழாய்களில் மடிந்து நுழைந்து, மறுபுறம் பழைய வடிவத்துக்கு விரிய வேண்டும். மண்ணீரலில் இருக்கும் இடுக்குகள் அதைவிடவும் ஒடுக்கமானவை. ஆயுள் 120 நாள். நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று வைத்தாலும், சாவதற்குள் 1,72,800 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிகிறது. சோர்வைப் பற்றிப் புத்தகம் எழுதியவர் இதைப் பார்த்த பிறகு விட்டு விலகியிருக்க முடியாது.

எப்படி இழுப்பது? தாடை வைத்துக் கவ்வ முடியாது. லேசர் ஒளியால் நுண்ணிய மணிகளைப் பிடித்து நிறுத்தலாம் என்று பெல் ஆய்வகத்தின் ஆர்தர் ஆஷ்கின் 1970-ல் காட்டியிருந்தார். 1986-ல் ஒற்றைக் கற்றையாலேயே அதைச் செய்து முடித்தார். அதற்கான நோபல் பரிசு 2018-ல் கிடைத்தபோது அவருக்கு வயது 96. அந்த லேசர் இடுக்கிதான் இங்கே தாடையானது. சிவப்பணுவின் எதிரெதிர் ஓரங்களில் இரண்டு சிலிக்கா மணிகளை ஒட்டவைக்கிறார்கள். ஒரு மணி கண்ணாடித் தகட்டில் ஒட்டிக்கொள்ளும், இன்னொன்றை லேசர் பிடித்துக்கொள்ளும். தகட்டை மெல்ல நகர்த்தினால் செல் நீளும். 100 கிராம் எடையை உள்ளங்கையில் வைத்தால் உணரும் விசை ஏறக்குறைய ஒரு நியூட்டன். சிவப்பணுவை இழுக்கப் போதுமான விசை அதில் 500 கோடியில் ஒரு பங்கு.

எம்.ஐ.டி.யில் மிங் தாவோ, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் லிம் ச்வீ டெக் ஆகியோருடன் சுரேஷ் 2003, 2004-ம் ஆண்டுகளில் இந்த அளவீடுகளை வெளியிட்டார். மூவருமே இயந்திரவியல், பொருளறிவியல் பின்னணி கொண்டவர்கள். அவர்கள் செய்ததில் பாதி சோதனை, பாதி கணக்கு. பாலத்துக்கும் விமான இறக்கைக்கும் பொறியாளர்கள் போடும் அதே வகைக் கணினிக் கணக்கைச் சிவப்பணுவின் சவ்வுக்குப் போட்டு, சோதனையில் கண்ட வடிவத்தோடு ஒப்பிட்டார்கள். அதன் பிறகுதான் நோய்க்குள் நுழைந்தார்கள்.

பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்ற மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து 48 மணி நேரத்தில் பெருகி, அதை உடைத்து வெளியேறும். அதற்குள் அந்தச் செல் எவ்வளவு விறைத்துப்போகிறது என்று பார்த்தார்கள். கிருமி முற்றிய கட்டத்தில் 10 மடங்கு வரை விறைப்பு கூடியிருந்தது. முந்தைய மதிப்பீடுகளைவிட இது மிக அதிகம். விறைத்த செல் நுண்குழாயில் நுழையாது, வழியை அடைக்கும். மூளையின் நுண்குழாய்களில் அடைப்பு நேர்ந்தால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து.

2007-ல் அடுத்த படி. கிருமி தான் தங்கிய செல்லின் ஸ்பெக்ட்ரின் வலையில் ஆர்.இ.எஸ்.ஏ. என்ற புரதத்தைக் கொண்டுபோய்க் கட்டுகிறது. பாரிஸின் பாஸ்டர் ஆய்வுக்கழகத்தார் அந்தப் புரதத்தின் மரபணுவை நீக்கிய கிருமிகளைக் கொண்டுவந்தார்கள். அவை புகுந்த செல்களை எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவர்கள் லேசர் இடுக்கியால் இழுத்தார்கள். சாதாரண உடல் வெப்பத்திலும் காய்ச்சல் வெப்பத்திலும் அளந்தார்கள். ஒற்றைப் புரதம் விறைப்பைக் கூட்டுகிறது, காய்ச்சலின்போது அதன் வேலை இன்னும் அதிகம் என்று தெளிவானது. பொறியாளரால் மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க முடியாது. கிருமியியலாளரால் மட்டும் இதற்குப் பதில் கண்டிருக்க முடியாது.

மெழுகுவத்தி ஜாடியும் நள்ளிரவும்

ஆய்வறிக்கையில் ஒரு வரியில் முடிந்துவிடும் வேலைக்குப் பின்னால் பலருடைய தூக்கம் போயிருக்கும். இத்தகைய ஆய்வகத்தைப் பற்றி எழுதும்போது விஞ்ஞானியின் பெயரைச் சொல்லி நிறுத்துவது நியாயமில்லை.

முதலில் செல்லை உயிரோடு வைத்திருக்க வேண்டும். இன்குபேட்டருக்குள் 37 டிகிரி வெப்பம், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. ரோஸ் நிறத்து ஊட்டத் திரவத்தில் செல்கள் வளர்கின்றன. திரவம் மஞ்சளாக மாறினால் அமிலம் கூடிவிட்டது, உடனே மாற்ற வேண்டும் என்று அர்த்தம். தட்டு நிரம்பிவிட்டால் பிரித்து வேறு தட்டுக்கு மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, பொங்கல், தீபாவளி எதுவும் செல்லுக்குத் தெரியாது. கையுறையில் ஒட்டி வந்த ஒரு பூஞ்சைத் துகள் போதும், பல வார வேலை குப்பைத் தொட்டிக்குப் போக. இதனால்தான் எந்த ஆய்வகத்திலும் கல்ச்சர் அறையைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியனின் சொல்லுக்குப் பேராசிரியரே கட்டுப்படுகிறார்.

மலேரியாக் கிருமியை வளர்ப்பது இன்னும் கடினம். அதை ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கும் வழியை 1976-ல்தான் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டிரேகர், ஜேம்ஸ் ஜென்சன் இருவரும் கண்டுபிடித்தார்கள். கிருமிக்கு மனித ரத்தம் வேண்டும், ஆனால் ஆக்ஸிஜன் குறைவாக இருக்க வேண்டும். அவர்கள் செய்த ஏற்பாடு இதுதான்: தட்டுகளைக் கண்ணாடி ஜாடிக்குள் அடுக்கி, உள்ளே ஒரு மெழுகுவத்தியைக் கொளுத்தி மூடினார்கள். சுடர் ஆக்ஸிஜனைக் குறைத்துவிட்டுத் தானாக அணைந்தது. உலகின் மலேரியா ஆய்வையே மாற்றிய கருவிகளில் ஒன்று, கடையில் வாங்கிய மெழுகுவத்தி. கிருமியின் கடிகாரம் 48 மணி நேரம் என்பதால், அது எந்தக் கட்டத்தில் வேண்டுமோ அந்த நேரத்தில் ஆராய்ச்சி மாணவர் அங்கே இருந்தாக வேண்டும். இரவு இரண்டு மணி என்றால் இரண்டு மணிதான்.

அளவீட்டுக்கும் இரவே உகந்தது. லேசர் இடுக்கியும் அணுவிசை நுண்ணோக்கியும் காற்றுக்கால்களில் மிதக்கும் கனமான மேஜை மேல் இருக்கும். ஆனாலும் மாடியில் லிஃப்ட் ஓடினால், வெளியே கனரக லாரி போனால், யாராவது கதவை அறைந்து சாத்தினால் படத்தில் நடுக்கம் தெரியும். ஏ.சி.யின் காற்று வீச்சே சில சோதனைகளைக் கெடுக்கும். கட்டடம் அடங்கிய பிறகு உட்கார்ந்து, ஒரு செல், அடுத்த செல், அதற்கடுத்த செல் என்று இழுத்துக்கொண்டே போக வேண்டும். ஒரே ஆளின் ஒரே சொட்டு ரத்தத்தில்கூட இளம் செல்லும் கிழட்டுச் செல்லும் கலந்திருக்கும். அதனால் ஒன்றிரண்டை அளந்து எதையும் சொல்லிவிட முடியாது. கம்பிச் சோதனையில் ஒரு லாட்டுக்குச் சில துண்டுகள் போதும். இங்கே நூற்றுக்கணக்கில் வேண்டும்.

பகலில் வேறு கூட்டம். படத்தில் செல்லின் ஓரத்தைக் கண்டுபிடிக்க நிரல் எழுதுபவர், சவ்வின் கணக்கைப் போடும் இயற்பியல் மாணவர், சில்லில் மயிரிழையைவிட மெல்லிய கால்வாய்களைச் செதுக்குபவர், நோயாளியின் ஒப்புதலோடு மருத்துவமனையிலிருந்து ரத்தம் கொண்டுவரும் மருத்துவர். இவர்கள் ஒரே மொழி பேசுவதற்கே சில ஆண்டுகள் ஆகும். மருத்துவருக்கு ஒவ்வொரு நோயாளியும் தனிக் கதை. இயற்பியல் மாணவருக்கோ சராசரி வேண்டும். நல்ல ஆய்வகத் தலைவரின் திறமையில் பாதி, இந்த இருவரையும் ஒரே மேஜையில் பொறுமையாக உட்காரவைப்பதில் இருக்கிறது.

கிண்டியில் பிறந்த கயிறு

செல் ஆகாயத்தில் தொங்குவதில்லை, எதையாவது பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. தோல், எலும்பு, தசைநாண், ரத்தக்குழாய்ச் சுவர் எங்கும் அது பிடித்து இழுக்கும் பிடிமானம் கொலாஜன் என்ற புரதம். உடலில் இருக்கும் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுவே. அதன் வடிவம் என்ன என்ற கேள்விக்கு விடை சென்னையிலிருந்து வந்தது.

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகம் கிண்டியில் இயற்பியல் துறையைத் தொடங்கியபோது, சி.வி. ராமனின் மாணவரான ஜி.என். ராமச்சந்திரன் அதன் தலைவரானார். வயது 30. துணைவேந்தர் ஆ. லட்சுமணசாமி முதலியார் புதிய துறைக்கு முழு ஆதரவு கொடுத்தார். அந்த நாட்களில் சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னதே ராமச்சந்திரனுக்குத் தூண்டுதலானது. அவரும் ஆராய்ச்சியாளர் கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால் தசைநாணில் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். புள்ளிகளை அளந்தார்கள். பந்தும் குச்சியும் வைத்து மாதிரி கட்டினார்கள், பிரித்தார்கள், மறுபடி கட்டினார்கள்.

1954-ல் 'நேச்சர்' இதழில் விடை வந்தது. மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கிய முப்புரிக் கயிறு. முறுக்கின் உட்புறத்தில் இடமே கிடையாது. அதனால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் அமினோ அமிலங்களிலேயே சிறியதான கிளைசின் உட்கார வேண்டும். அடுத்த ஆண்டே மூன்று சங்கிலிகளும் சேர்ந்து இன்னொரு முறுக்குக் கொள்வதையும் சேர்த்து மாதிரியைத் திருத்தினார்கள். கேம்பிரிட்ஜில் ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் அதே கயிற்றை ஏற்று, சங்கிலிகளுக்கு நடுவே இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையில் மட்டும் மாறுபட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில் பிற்காலம் அவர்கள் பக்கம் நின்றது. முப்புரி என்ற அடிப்படையில் சென்னை சொன்னதே நிலைத்தது.

அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கலாம் என்ற அந்த வாதமே இன்னொரு பெரிய வேலைக்கு வித்தானது. சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து 1963-ல் ராமச்சந்திரன் வெளியிட்ட வரைபடம், எந்தப் புரதச் சங்கிலி எந்தக் கோணத்தில் திரும்ப முடியும், எதில் முடியாது என்று காட்டுகிறது. இன்றும் புதிதாகக் கண்ட புரத அமைப்பு சரியா தவறா என்று உலகம் முழுவதும் சோதிப்பது ராமச்சந்திரன் வரைபடத்தில்தான். கர்த்தா பிறகு அமெரிக்கா போய், 1967-ல் ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் அமைப்பைத் தீர்த்த மூவரில் ஒருவரானார். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடங்களில் ராமச்சந்திரனுக்கே போதிய இடமில்லை என்பது வருத்தம். கர்த்தாவும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் பொது நினைவில் இல்லாமலே போனது அதைவிடப் பெரிய வருத்தம்.

கிண்டியின் கொலாஜன் மாதிரி வெளிவந்த அதே 1954-ல், எடின்பரோவில் மிச்சிசன், ஸ்வான் என்ற இருவர் கடல்முள்ளியின் முட்டையைக் கண்ணாடிக் குழலால் உறிஞ்சி அதன் மேற்பரப்பின் விறைப்பை அளந்துகொண்டிருந்தார்கள். கயிற்றைப் படித்தவர்களும் கயிற்றைப் பிடிக்கும் செல்லைப் படித்தவர்களும் அப்போது ஒருவரை ஒருவர் அறியவில்லை. சந்திப்பு நிகழ 40 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

1997-ல் அமெரிக்காவில் பெல்ஹாம், வாங் என்ற இருவர் ஒரு ஜெல்லைத் தயாரித்தார்கள். மேலே கொலாஜன் பூச்சு, கீழே விருப்பம்போல் இளக்கவோ இறுக்கவோ கூடிய ஜெல். வேதிப்பொருள் ஒன்றுதான், மென்மை மட்டும் வேறு. செல்கள் அந்த வேறுபாட்டை உணர்ந்து, தம் பிடியையும் நடையையும் மாற்றிக்கொண்டன. 2006-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆடம் எங்லர், ஷமிக் சென், லீ ஸ்வீனி, டென்னிஸ் டிஷ்சர் நால்வரும் அதே போன்ற ஜெல்லில் ஸ்டெம் செல்களை வளர்த்தார்கள். மூளையளவு மென்மையான ஜெல்லில், அதாவது ஒரு கிலோபாஸ்கலுக்குள், அவை நரம்புச் செல்லின் குணம் கொண்டன. 8 முதல் 17 கிலோபாஸ்கலில் தசையின் குணம். 25 முதல் 40-ல் எலும்பின் குணம். தரையின் கடினம் ஒரு செல்லின் எதிர்காலத்தைத் தீர்மானிக்க முடியும் என்ற முடிவு உயிரியல் துறைகளை உலுக்கியது. அன்று அந்த நால்வரில் ஒருவரான ஷமிக் சென் இன்று மும்பை ஐ.ஐ.டி.யில் ஆய்வகம் நடத்துகிறார்.

செல் விசையை உணர்கிறது என்றால், உணரும் உறுப்பு எது? கலிபோர்னியாவில் ஆர்டெம் பட்டபூட்டியனின் ஆய்வகத்தில் பெர்ட்ராண்ட் கோஸ்ட் இதைத் தேடினார். 72 மரபணுக்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடக்கி, கண்ணாடி ஊசியால் செல்லைக் குத்தி, மின்னோட்டம் வருகிறதா என்று பார்த்தார். குத்தினால் மின்னோட்டம் வந்துகொண்டே இருந்தது. பட்டியலின் கடைசி மரபணுவை அடக்கியபோதுதான் நின்றது. பீசோ என்று பெயரிட்ட அந்தக் கண்டுபிடிப்பு 2010-ல் வெளியாகி, பட்டபூட்டியனுக்கு 2021-ல் நோபல் பரிசைக் கொண்டுவந்தது. பீசோ1 நம் சிவப்பணுவின் சவ்விலும் இருக்கிறது.

சுவரில்லாத கூடம்

தமிழர்கள் அடிக்கடி போய்வரும் சிங்கப்பூரில் இந்தத் துறைக்கென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. செல்லுக்குள் சரக்கு இழுக்கும் கைனசின் புரதத்தைக் கண்டவர்களில் ஒருவரான மைக்கேல் ஷீட்ஸ், 2009-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மெக்கானோபயாலஜி இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கினார். பேராசிரியருக்கு ஓர் அறை, அவர் மாணவருக்கு ஒரு கதவு என்ற ஏற்பாட்டை அங்கே வைக்கவில்லை. திறந்த கூடம், பொதுக் கருவிகள், பக்கத்து மேஜையில் வேறொரு குழுவின் மாணவர். லிம் ச்வீ டெக்கும் அங்கேதான் இருந்தார். பெங்களூரு என்.சி.பி.எஸ். ஆய்வு மையத்திலிருந்து போன ஜி.வி. சிவசங்கர், செல்லின் உட்கரு விசைக்கு எப்படி ஈடுகொடுக்கிறது என்ற ஆய்வை அங்கே வளர்த்தார்.

இந்தியாவிலும் வேலை நடக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயந்திரவியல் துறையில் நம்ரதா குண்டையாவின் ஆய்வகம், ராமன் ஆய்வுக்கழகத்தில் நரம்பிழையின் இழுவையை அளக்கும் பிரமோத் புள்ளர்காட்டின் ஆய்வகம், சென்னை ஐ.ஐ.டி.யின் பயன்முறை இயக்கவியல், உயிர்மருத்துவப் பொறியியல் துறை எல்லாம் இந்த வரிசையில் வருபவை. ஆனால் இவை எண்ணிக்கையில் சொற்பம்.

கவரைப்பேட்டையிலிருந்து ஆவடி வரை, கும்மிடிப்பூண்டி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. மெக்கானிக்கல், சிவில் படிக்கும் மாணவர் எல்லோரும் பொருட்களின் வலிமை ஆய்வுக்கூடத்தில் யு.டி.எம். இயந்திரத்தில் கம்பியை இழுத்து, வரைபடம் போட்டு, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குகிறார்கள். அடுத்த கட்டடத்தில் பயோடெக்னாலஜி மாணவர்கள் செல் வளர்க்கிறார்கள். நான்கு ஆண்டுகளில் இரு தரப்பும் சந்திக்கும் ஒரே இடம் கேன்டீன். பாடத்திட்டம் வரைந்தவர்கள் இதை ஒரு குறையாகவே கருதவில்லை. அது பெரும் இழப்பு. சுரேஷுக்குக் கைகொடுத்தது சோர்வு பற்றிய அவருடைய பழைய படிப்பு. அந்தப் படிப்பின் முதல் பக்கம் இந்த மாணவர்களின் ரெக்கார்டு நோட்டில் ஏற்கெனவே இருக்கிறது.

2019-ல் அந்தப் பழைய படிப்பு முழு வட்டம் சுற்றி வந்தது. ஃபுளோரிடா அட்லான்டிக் பல்கலைக்கழகத்தின் சாரா டு குழுவினரோடு சேர்ந்து தாவோவும் சுரேஷும் சிவப்பணுவுக்கே சோர்வுச் சோதனை நடத்தினார்கள். நுண்சில்லில் மின்புலத்தைக் கூட்டிக் குறைத்து ஒரே செல்லைத் திரும்பத் திரும்ப இழுத்து விட்டார்கள். வேறு செல்களை அதே உச்ச அளவில் இழுத்து அப்படியே பிடித்து வைத்தார்கள். இழுவையில் இருந்த மொத்த நேரம் சமம்தான். ஆனாலும் விட்டு விட்டு இழுத்த செல்லே அதிகம் விறைத்தது, நெகிழ்வை அதிகம் இழந்தது. வோலர் ரயில் அச்சில் கண்டதை இவர்கள் ரத்தத்தில் கண்டார்கள்.

உலை முன் நிற்பவரின் ரத்தம்

கும்மிடிப்பூண்டி உலைகளின் முன்னால் நிற்பவர்களில் பெரும் பகுதியினர் ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். அவற்றில் ஒடிசா, ஜார்க்கண்டின் வனப் பகுதிகள் இரண்டு விஷயங்களுக்குப் பெயர்போனவை. ஒன்று ஃபால்சிபாரம் மலேரியா. மற்றொன்று அரிவாள் செல் நோய். இரண்டுக்கும் தொடர்பு உண்டு. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் அரிவாள் செல் மரபணுவைப் பெற்றவருக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது என்று 1954-ல் அந்தோனி ஆலிசன் காட்டினார். இருவரிடமிருந்தும் பெற்றவருக்கு அதுவே நோய்.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதில்லை. இந்தியாவில் அரிவாள் செல் முதன்முதலில் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952-ல். ஹீமோகுளோபினில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. ஆக்ஸிஜன் குறைந்தால் அந்த ஹீமோகுளோபின் செல்லுக்குள் நாராகத் திரண்டு, சிவப்பணுவை விறைப்பான அரிவாளாக வளைக்கிறது. உடலில் நீர் வற்றினால் செல்லுக்குள் ஹீமோகுளோபின் அடர்ந்து, வளைவது இன்னும் வேகமாகும். நோயாளிக்குத் தாங்க முடியாத வலி. ஒரு மரபணு மட்டும் உள்ளவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார். ஆனால் கொளுத்தும் வெப்பத்தில், தண்ணீரில்லாமல், கடும் உழைப்பில் அவருக்கும் ஆபத்து உண்டு. ரோலிங் மில்லின் பில்லட் உலை 1,100 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. அதன் முன்னால் ஷிப்டு முழுக்க நிற்பவருக்கு, தன் சிவப்பணு எப்படிப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும்.

சுரேஷும் தாவோவும் அரிவாள் செல்லையும் விடவில்லை. அமெரிக்க மருத்துவர்களோடு சேர்ந்து 2015-ல் நோயாளிகளின் செல்களை நுண்சில்லில் ஓடவிட்டு, ஆக்ஸிஜன் குறையும்போது எத்தனை விநாடியில் வளைகின்றன, எப்போது அடைக்கின்றன என்று அளந்தார்கள். 2023-ல் பாரிஸின் மண்ணீரல் நிபுணர் பியேர் பூஃபே உள்ளிட்டோருடன் மண்ணீரலின் இடுக்குகளையே சில்லில் செய்து பார்த்தார்கள். ஆக்ஸிஜன் குறைந்தபோது அரிவாள் செல்கள் இடுக்குகளில் அடைத்துக்கொண்டன, ஆக்ஸிஜனைக் கூட்டியபோது அடைப்பு இளகியது. மண்ணீரல் திடீரென வீங்கிக் குழந்தைகளின் உயிரைப் பறிக்கும் நெருக்கடியில் ரத்தம் ஏற்றுவது ஏன் உதவுகிறது என்பதற்கு இது ஒரு விளக்கம். அதே ஆண்டில் சுரேஷுக்கு அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் வழங்கப்பட்டது. இந்தியா 2011-லேயே பத்மஸ்ரீ கொடுத்திருந்தது.

2023 ஜூலையில் மத்திய அரசு தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது இலக்கு. தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்கள் அதில் இருக்கின்றன. விரல் நுனியில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம் போதும். மாத்திரையாகத் தரும் ஹைட்ராக்ஸியூரியா வலியின் தாக்குதல்களைக் குறைக்கிறது. ஆனால் ஒடிசாவின் சுந்தர்கட்டிலோ ஜார்க்கண்டின் சிம்டேகாவிலோ சுகாதாரப் பணியாளர் கதவைத் தட்டும்போது, அந்த வீட்டு இளைஞர் கும்மிடிப்பூண்டியில் இரவு ஷிப்டில் இருக்கலாம். அவரைப் பட்டியலில் சேர்க்க வேண்டுமென்றால் பரிசோதனை முகாம் ஆலை வாசலுக்கு வர வேண்டும். முடிவை அவரிடம் மட்டும் ரகசியமாகச் சொல்ல வேண்டும். அது தெரிந்ததும் வேலையை விட்டு அனுப்புவதை எந்த ஒப்பந்தக்காரருக்கும் அனுமதிக்கக் கூடாது. உலைக்கு அருகே குடிநீரும் ஓய்வு நேரமும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். இவற்றைச் செய்ய லேசர் இடுக்கி தேவையில்லை. மாவட்டச் சுகாதாரத் துறையும் தொழிற்சாலைகள் ஆய்வுத் துறையும் ஒரு நாள் ஒன்றாக உட்கார்ந்து பேசினால் தொடங்கிவிடலாம்.